விலாசம் எழுதிய புட்டிகள்

அந்த வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். வைத்தவர் மாமனார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே, "இந்தப் பொண்ணு உக்காந்து நான் பாத்ததே இல்லடா. எதையாவது தூக்கிக்கிட்டு எங்கயாவது போய்க்கிட்டே இருக்கு, எறும்பு மாதிரி" என்று மகனிடம் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. நாலு வருஷத்தில் கணவனும் அவளை அப்படித்தான் கூப்பிட்டான்.

எறும்பு சட்டைக் கம்பெனியில் பித்தான் துளை போடும் மிஷினில் இருந்தாள். கம்பெனியை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறோம், மூன்று வாரம் யாரும் வரவேண்டாம் என்று ஒரு நாள் வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறை அது. நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். மாமியார் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அந்த அறைக்கு நாதி இல்லை. யார் எதைக் கொண்டு வந்தாலும் அங்கே வைப்பார்கள், எடுப்பதுதான் கிடையாது. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளுக்குள் பருப்பு. பிரித்த கடுகு பாக்கெட்டே நாலு. அரிசி டிரம்மில் வண்டு. கீழ்த்தட்டுப் பலகை ஊறி வளைந்து போயிருந்தது. விளக்கைப் போட்டால் கரப்பான்கள் அவசரமில்லாமல் ஒதுங்கும், வீட்டுக்காரர்களைப் போல.

போனில் ஒரு வீடியோ பார்த்தாள். ஒரு அம்மா, பல்வரிசை மாதிரி கண்ணாடி ஜாடிகளை அடுக்கி வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினாள். மாமனாரும் எட்டிப் பார்த்தார்.

"இந்தம்மா வீட்ல யாரும் சாப்பிடவே மாட்டாங்க போலிருக்கே. சாப்பிடற வீடு இப்படியா இருக்கும்?"

"நம்ம வீட்டையும் இப்படிப் பண்ணிக் காட்டறேன் பாருங்க மாமா."

"ஜாடி விலைய பாத்தியா? அதுக்கு நம்ம வீட்டையே வித்துடலாம்."

அவள் ஜாடி வாங்கவில்லை. பழைய சாமான் கடைக்குப் போய் ஜாம் புட்டி, காபித்தூள் புட்டி, ஊறுகாய் புட்டி என்று மூடி சரியாக இருப்பதாகப் பொறுக்கி, இரண்டு சாக்கில் தூக்கி வந்தாள். வெந்நீரில் போட்டு, ஒட்டியிருந்த காகிதத்தை எண்ணெய் தடவிச் சுரண்டினாள். கணவன் வேலை செய்த ரேடியேட்டர் பட்டறையில் பொருள் வந்து இறங்கும் மரப்பெட்டிகள் வீணாகக் கிடந்தன. அவன் நாலைந்தைக் கொண்டு வந்து போட்டான். அதை உடைத்துப் பலகையாக்கி, வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை பெயிண்டைப் பூசினாள்.

முதல் தட்டு ஒரு மணி நேரம் கூட நிற்கவில்லை. சுண்ணாம்பு உதிரும் சுவரில் வெறும் ஆணியை அடித்து, அதன்மேல் பலகையை வைத்து, பார்க்க எப்படி இருக்கிறது என்று பத்து காலிப் புட்டியை அடுக்கினாள். அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் தடாலென்று எல்லாம் கீழே வந்தது.

மாமனார் ஓடி வந்து பார்த்தார். "பரவாயில்ல. காலியா இருந்தப்பவே விழுந்துச்சு பாரு, அந்த மட்டுக்கும் நல்ல சுவரு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறுநாள் இரும்புச் சாமான் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி, துளை போட்டு, பிளாஸ்டிக் ஆப்பு செருகி, திருகாணி முறுக்கினாள். அந்தத் தட்டில் மாமனாரே தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

அவர் தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவர். எவ்வளவு கோணல் கையெழுத்தையும் படித்துவிடுவார். அவர் எழுத்தோ அச்சு மாதிரி இருக்கும். புட்டிகளுக்குப் பெயர் எழுதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வெள்ளைக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார்.

"விலாசம் இல்லாத எதுவும் உள்ள போகக் கூடாது. அடுத்து யாரு?"

"துவரம் பருப்பு மாமா."

"துவரம் பருப்பு. மூணாவது தட்டு, இடது கை ஓரம். அடுத்து?"

இரண்டு பேருமாக அந்த ஒரு வாரம் குழந்தைகள் மாதிரி விளையாடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் பென்ஷன் வாங்கின நாளிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு ஏங்கிப் போயிருந்தார்.

பழைய மேல்தட்டின் மூலையில் ஒரு வட்ட பிஸ்கட் டின் இருந்தது. நசுங்கின டின். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரில் வெள்ளைப் பொடி, அரைக் கிலோ இருக்கும். எறும்பு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள், வாசனை இல்லை. நுனி நாக்கில் வைத்தாள். லேசாக உப்பு, லேசாக சோப்பு. சட்டென்று துப்பிவிட்டு, "மாமா, அத்தை அரைக் கிலோ சோடா உப்பு வாங்கி ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று கூவினாள்.

"அவ அப்படித்தான். ஒண்ணு கேட்டா ஒன்பது வாங்குவா. நல்லதாப் போச்சு, என் டப்பா தீந்து போச்சுன்னு சொல்லணும்னு இருந்தேன்."

மாமனாருக்கு நெஞ்செரிச்சல் உண்டு. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் சோடா உப்பு கலக்கிக் குடித்து, ஒரு ஏப்பம் விட்டால்தான் அவருக்குச் சாப்பாடு முடிந்த மாதிரி. எறும்பு பொடியை ஒரு காபித்தூள் புட்டியில் கொட்டினாள். அவர் 'சோடா உப்பு' என்று எழுதிக் கொடுத்தார். கைக்கு எட்டட்டும் என்று முதல் தட்டில் முன்னால் வைத்தாள். டின்னைக் கழுவி, துணி காயப்போடும் கிளிப்புகளைப் போட்டு வைத்தாள்.

சாயங்காலம் கணவன் வந்து ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பார்த்தான்.

"ஏ, கடை மாதிரி இருக்கே! கல்லா மட்டும்தான் பாக்கி" என்றான். உள்ளே போகவில்லை. கையெல்லாம் கரி. குளிக்கப் போய்விட்டான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்ன எறும்பு, இந்தச் சோடா லேசா இனிக்குது? வாயில வழவழன்னு நிக்குது."

"பழசு இல்லையா மாமா. புதுசு வாங்கிட்டு வரட்டுமா?"

"இருக்கறத தீர்த்துட்டு வாங்கு. தூரவா போடறது?"

நாலாம் நாள் அவருக்கு வயிறு சரியில்லை. அடுத்த நாள் வாந்தி. நேற்றுப் பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார்கள். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று அவர் கேட்க, அன்று மட்டும் மூன்று தடவை எறும்பே சோடா கலக்கிக் கொடுத்தாள். டம்ளரை வாயில் வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரே மூச்சுல குடிச்சிடுங்க மாமா" என்றாள்.

ஆறாம் நாள் அவருடைய உள்ளங்கையும் கழுத்தும் வெந்த மாதிரி சிவந்திருந்தன. பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் இளம் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசா ஏதாவது மருந்து எடுத்துக்கிட்டாரா? கை மருந்து, பொடி, லேகியம், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடுதான். நான்தான் சமைக்கிறேன்."

"நல்லா யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எறும்பு நல்லா யோசித்தாள். சாப்பிட்ட பண்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோடா உப்பு அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. தண்ணீர் குடிப்பதை யாராவது சொல்வார்களா? அப்படித்தான் அதுவும். டாக்டர் எழுதிக்கொண்டாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, ஏதோ தொற்றாக இருக்கலாம், பார்க்கிறோம் என்றாள்.

நாத்தனார் அன்றே வந்து சேர்ந்தாள். கணவனுக்கு அக்கா. வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் பகல், மாற்றுத் துணி எடுக்க எறும்பும் கணவனும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் பையில் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டோர் ரூமில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"எறும்பு, மேல ஒரு பிஸ்கட் டின் இருந்துச்சே, எங்க?"

"கிளிப்பு போட்டு வச்சிருக்கேன். எதுக்கு?"

"அதுக்குள்ள ஒரு பொடி இருந்துச்சே. வெண்காரம். பட்டறையில ஒரு அவசர வேலை நிக்குது, ஆள் வந்து வாங்கிக்கிறேன்னான்."

"என்ன காரம்?"

"வெண்காரம்டி. பித்தளை பத்த வைக்கிறதுக்குப் போடறது. பட்டறை ஒழுகுது, ஈரம் பட்டா கட்டி கட்டிடும்னு ரெண்டு மாசம் முன்னாடி இங்க கொண்டாந்து வச்சேன்."

அவள் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. வந்து முதல் தட்டைக் காட்டினாள். அவன் புட்டியை எடுத்தான். அப்பாவின் எழுத்தைப் படித்தான். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். நிரம்பியிருந்த புட்டியில் பொடி நன்றாக இறங்கியிருந்தது.

"இத யாரு சாப்பிட்டா?"

அவள் தட்டோரம் கவிழ்ந்திருந்த மாமனாரின் டம்ளரைப் பார்த்தாள். அவனுக்கே தெரிந்துவிட்டது. மூடியை முறுக்கிப் புட்டியைக் கையில் இறுக்கிக்கொண்டான். அப்புறம் இரண்டு பேரும் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் தெருவில் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் புட்டியை நீட்டியவன் அவன்தான்.

"வீட்ல தெரியாம மாத்திக் கொட்டி வச்சிட்டாங்க டாக்டர். சோடா உப்புன்னு நினைச்சு அப்பா குடிச்சிருக்காரு."

"என்ன பொடி?"

"வெண்காரம்."

"எத்தனை நாளா?"

அவன் எறும்பைப் பார்த்தான். அவள் சொன்னாள். எந்த நாள் எத்தனை தடவை, எத்தனை ஸ்பூன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். திட்டவில்லை. ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் உடனே போட வேண்டும், இது முதல் நாளே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இந்த வயதில் இனி உறுதி சொல்ல முடியாது என்றாள்.

'மாத்திக் கொட்டி வச்சிட்டாங்க' என்ற வார்த்தை எறும்பின் காதில் முள்ளாக நின்றது. பொய் இல்லை. கொட்டினது அவள்தான். ஆனால் கொட்டுவதற்கு அது அங்கே எப்படி வந்தது என்று அவன் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. பதற்றத்தில் விட்டிருப்பான், அப்புறம் சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமனாருக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. நாத்தனார் முகம் கழுவப் போயிருந்தாள். எறும்பு கட்டிலோரம் குனிந்தாள்.

"மாமா, அது சோடா உப்பு இல்ல மாமா. பட்டறைப் பொடி. நான்தான் தெரியாம கொட்டி வச்சேன். நான்தான் கலக்கிக் கலக்கிக் குடுத்தேன்."

அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். உதடு தோல் உரிந்திருந்தது.

"நான்தானே எழுதினேன்" என்றார்.

"நான் சொல்லித்தானே மாமா எழுதினீங்க."

"பிரிச்சுப் பாக்காம எழுதிட்டேன். முப்பத்தாறு வருஷம்... ஒரு கடுதாசி மாத்திப் போட்டதில்ல." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அப்புறம், "இனிச்சப்பவே நிறுத்தியிருக்கணும். எனக்குப் பேராசை" என்றார்.

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. அன்று மாலை மறுபடி நினைவு தப்பியது. இரண்டு நாள் மிஷினில் இருந்தார். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு உயிர் போனது.

போஸ்ட்மார்ட்டம், தகனம் எல்லாம் முடிந்து வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாத்தனார் ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றாள். பச்சைத் தட்டுகளில் புட்டி புட்டியாக அப்பாவின் எழுத்து. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனவள் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணின?"

எறும்பு பச்சைத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா வச்சது வச்ச இடத்துல இருந்துச்சு. இருபது வருஷம் அந்த அறையில இருந்து எடுத்துத்தான் சமைச்சாங்க. யாருக்காவது ஒரு வயித்து வலி வந்திருக்குமா? நீ போன்ல எவளையோ பாத்துட்டு அழகு பண்ண வந்த. அழகு! என்னன்னு தெரியாத ஒண்ண எடுத்து எங்கப்பா வாயில ஊத்தியிருக்க."

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாத."

கணவன் வாசற்படியில் நின்றிருந்தான். இரண்டு பெண்களையும் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எறும்பு அவனைப் பார்த்தாள். இப்போது சொல்லுவான் என்று பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். அவன் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "விடுக்கா. அவ என்ன வேணும்னா பண்ணினா?" என்றான்.

அது அவளுக்காகப் பேசின மாதிரி இருந்தது. நாத்தனாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். எறும்புக்கு மட்டும்தான் அதில் இல்லாதது எது என்று தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்ததால் மறுநாள் மத்தியானம் ஒரு போலீஸ் அதிகாரி விசாரிக்க வந்தார். வயதானவர், சலிப்பான ஆள். மாமனார் உட்கார்ந்து பெயர் எழுதிய அதே மேஜையில் காகிதத்தை விரித்தார். மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். எறும்பு நடந்ததைச் சொன்னாள். அவர் எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"சரிம்மா, அந்தப் பொடி வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? உங்க மாமியார் வாங்கினதுன்னு நினைச்சீங்க. உண்மையில யாரோடது?"

எறும்பு கணவனைப் பார்த்தாள். அவன் மேஜை விளிம்பைப் பார்த்தான். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போகிற வரை அவள் காத்திருந்தாள். அதற்கு மேல் காத்திருக்க அவளால் முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரரோடது சார். பட்டறையில உபயோகிக்கிறது. ரெண்டு மாசம் முன்னாடி பிஸ்கட் டின்னுல போட்டு மேல வச்சாரு. யார்கிட்டயும் சொல்லல. டின்னு மேல ஒண்ணும் எழுதல. நான் அத எடுத்து புட்டியில கொட்டினேன். என்னன்னு கேக்காம கொட்டினேன். மாமா நான் சொன்ன பேர எழுதினாரு. இதான் சார் நடந்துச்சு."

"அப்படியா தம்பி?"

"ஆமா சார்" என்றான். மேஜை விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று எறும்பைப் பார்த்த மாதிரி இல்லை, வேறு மாதிரி. "நேத்து நீ அந்த வாசப்படியிலதானேடா நின்ன" என்றாள். அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். போகும்போது எறும்பிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தவறுதலாக நடந்த சாவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவன் கேட்டான்: "என்ன மாட்டி விடணும்னு இருந்தியா?"

"அவர் கேட்டாரு. நீ சொல்லுவன்னு பாத்தேன்."

"சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான். பட்டறைப் பக்கத்துக் கடையிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவான். பயமா, கோபமா, வெட்கமா என்று எறும்புக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கம்பெனி புதுக் கட்டடத்தில் திறந்தது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு ஆளுக்குச் சமைத்தாள். ஸ்டோர் ரூமை அவள் கலைக்கவில்லை. கலைத்தால் அந்த எழுத்தையெல்லாம் சுரண்ட வேண்டும். பருப்பு தீர்ந்தால் அதே புட்டியில் பருப்பையே கொட்டினாள். கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கடைப் பையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்று அவளால் சொல்ல முடியும். அப்படியும் உப்புப் புட்டியைத் திறந்தால் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குழம்பில் போடுவாள்.

ஐந்தாறு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் பேசினான்.

"அன்னிக்கு டின்ன கொண்டாந்து வச்சப்போ நீ அடுப்புகிட்டதான் நின்னுக்கிட்டிருந்த. இது இன்னதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

செருப்பு வாரை இழுத்துக்கொண்டே குனிந்து நின்றான். அதெல்லாம் இல்ல, விதி, யாருக்குத் தெரியும் என்று ஏதாவது அவள் சொல்லுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எறும்பு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.